வலி மாத்திரை படுத்தும் பாடு: மருந்துக் கடையில் என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

சென்னை பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு மருந்துக் கடையில் 20 வருடத்துக்கும் மேலாக பார்மசிஸ்டாக இருக்கிறேன். காலையில் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் ஓபி சீட்டு போட்டுப் பார்த்துவிட்டு வருகிறவர்கள், காசிமேட்டில் மீன் கூடையை இறக்கிவிட்டு வருகிறவர்கள், எம்.சி. ரோடு ஜவுளிக் கடைகளில் நாள் முழுக்க நின்றே வேலை பார்த்துவிட்டு இரவு ஒன்பதரைக்குக் காலை இழுத்துக்கொண்டு வருகிற பெண்கள் என எல்லோருக்கும் எங்கேயோ ஒரு வலி. வலிக்கு மாத்திரை கேட்கும்போது குரல் சத்தமாக வரும். அந்த மாத்திரை செய்த வேலையைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கிவிடும். பக்கத்தில் ஆள் நின்றால் பேச்சே வராது.

சொல்லாமல் விடுகிறவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்திவிட்டு வலியோடு கிடக்கிறார்கள். இல்லையென்றால் அந்த மாத்திரைக்கு மேல் இன்னொரு மாத்திரை போடுகிறார்கள். இரண்டுமே வேண்டாத கஷ்டம். அதனால் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதிவைக்கிறேன். நான் டாக்டர் இல்லை, உங்கள் சீட்டை மாற்றும் உரிமையும் எனக்குக் கிடையாது. எந்தத் தொல்லை தானாகப் போகும், எது போகாது, எதைக் கண்டால் ஓட வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

எனக்கு எழுதியிருப்பது என்ன வகை வலி மாத்திரை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதன் கீழே பொடி எழுத்தில் இருப்பதுதான் மருந்து. கண் தெரியவில்லை என்றால் வீட்டில் படிக்கிற பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள், அல்லது கடையில் கேளுங்கள். சொல்ல வேண்டியது எங்கள் வேலை.

நம் பக்கம் வருகிற சீட்டுகளில் பெரும்பாலும் நாலு குடும்பம்தான். முதலாவது பாராசிட்டமால். இரண்டாவது வீக்கத்தையும் வலியையும் சேர்த்துக் குறைக்கும் டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென், எடோரிகாக்சிப் வகை. மூன்றாவது மூளைக்குப் போகும் வலிச் செய்தியையே மட்டுப்படுத்தும் டிரமடால், டாபென்டடால், மார்ஃபின். நாலாவது நரம்பு வலிக்குக் கொடுக்கும் பிரீகாபலின், கபாபென்டின், அமிட்ரிப்டிலின். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தொல்லை கொடுக்கும் இடம் வேறு. எது உங்களுடையது என்று தெரிந்தால்தான் கீழே சொல்வதில் பாதி உங்களுக்குப் பயன்படும்.

சாப்பிட்ட பிறகுதான் போடுகிறேன். அப்படியும் வயிறு எரிகிறதே, ஏன்?

கடையில் அதிகமாக வரும் கேள்வி இது. டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள், உடம்பில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உருவாவதைத் தடுத்துத்தான் வலியைக் குறைக்கின்றன. அதே பொருள்தான் இரைப்பையின் உள்சுவரில் வழவழப்பான ஒரு பூச்சைக் காத்து, அமிலம் சுவரைத் தின்னாமல் பார்த்துக்கொள்கிறது. மூட்டில் அதைத் தடுக்கும்போது வயிற்றிலும் தடுத்துவிடுகிறோம்.

சாப்பிட்டுவிட்டுப் போட்டால் எரிச்சல் ஓரளவு குறையும். ஆனால் இந்த மாத்திரை வயிற்றில் விழுந்து சுடுவதோடு நிற்பதில்லை, ரத்தத்தில் கலந்த பிறகும் அதே வேலையைச் செய்கிறது. ஆகவே, "ஊசியா போட்டுட்டா வயித்துக்கு ஒன்னும் ஆகாதுல்லண்ணா?" என்று கேட்டால் பதில், ஆகும். ஊசியாகப் போட்டாலும் புண் வரலாம்.

இன்னொன்று, நம் ஊரில் 'சாப்பிட்டுவிட்டு' என்பதற்கு ஒரு டீயும் பன்னும் என்று அர்த்தம் வைத்திருக்கிறார்கள். அது சாப்பாட்டில் சேராது. இட்லியோ கஞ்சியோ தயிர்சாதமோ, வயிறு நிறைய ஏதாவது இருக்க வேண்டும்.

கூடவே எழுதிக்கொடுக்கும் கேஸ் மாத்திரையை, அதாவது பான்டபிரசோல், ஒமிபிரசோல் போன்றவற்றை, வலி மாத்திரையோடு சேர்த்து ஒரே வாயில் போடுகிறவர்கள் நிறைய. அது காலையில் வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு போட வேண்டியது. சாப்பிட்ட பிறகு போட்டால் அதன் பலம் குறைந்துவிடும். 60 வயதைத் தாண்டியவர்கள், முன்பு அல்சர் வந்தவர்கள், இதயத்துக்கு ஈகோஸ்பிரின் (ஆஸ்பிரின்தான்) போடுகிறவர்கள், ஸ்டீராய்டு எடுக்கிறவர்கள், வலி மாத்திரை எழுதும்போதே இந்த விவரத்தை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ஈகோஸ்பிரினும் ஐபுபுரோஃபெனும் சேர்ந்தால் ரத்தக்கசிவு ஆபத்து கூடும். அதோடு, ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்ளும் ஈகோஸ்பிரினின் வேலையும் கெடலாம்.

வெறும் எரிச்சல் என்றால் டாக்டரிடம் சொல்லி மாத்திரையை மாற்றிக்கொள்ளலாம். மலம் தார் மாதிரி கறுப்பாக, பிசுபிசுப்பாக, தாங்க முடியாத நாற்றத்தோடு போனாலோ, வாந்தியில் ரத்தமோ காப்பித்தூள் போன்ற துகளோ வந்தாலோ விடியும்வரை காத்திருக்கக் கூடாது. உள்ளே ரத்தம் கசிகிறது என்று பொருள். வயிற்று வலியே இல்லாமலும் இப்படிக் கசியும். (இரும்புச்சத்து மாத்திரை போட்டாலும் மலம் கறுக்கும், ஆனால் அந்தப் பிசுபிசுப்பும் நாற்றமும் இருக்காது. சந்தேகம் என்றால் போய்க் காட்டிவிடுங்கள்.)

எல்லாம் மாத்திரைச் சூடுதானே? இளநீர், மோர் குடித்தால் சரியாகிவிடுமா?

மோர் குடியுங்கள், நல்லது. ஆனால் 'சூடு' என்ற ஒரே வார்த்தையில் நெஞ்செரிச்சல், வாய்ப்புண், நீர்க்கடுப்பு, மலச்சிக்கல் எல்லாவற்றையும் போட்டு மூடிவிட்டால் எது என்னவென்று யாருக்கும் தெரியாது. டாக்டரிடம் போய் "சூடு பிடிச்சிடுச்சு" என்று சொன்னால் அவர் தலையாட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார். எங்கே எரிகிறது, எப்போது எரிகிறது என்று சொல்லுங்கள்.

இளநீரில் ஒரு எச்சரிக்கை. அதில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், டெல்மிசார்டன், எனலாப்ரில் போன்ற பிரஷர் மாத்திரை போடுகிறவர்களும் வலி மாத்திரை நாட்களில் தினமும் இரண்டு மூன்று இளநீர் என்று இறங்க வேண்டாம்.

வலி மாத்திரை போட்டால் கிட்னி போய்விடும் என்கிறார்களே?

எல்லோருக்கும் போகாது. உடம்பு நன்றாக இருப்பவர் பல்வலிக்கு மூன்று நாள் போடுவதால் பெரிதாக ஒன்றும் வந்துவிடாது. மாதக்கணக்கில் தாங்களாகவே வாங்கிப் போடுகிறவர்களை நினைத்துத்தான் எனக்குப் பயம்.

உடம்பில் தண்ணீர் குறையும்போது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக்குழாயைச் சுருங்காமல் திறந்து வைப்பதும் மேலே சொன்ன அதே புரோஸ்டாகிளாண்டின்தான். மே மாதம் கத்திரி வெயிலில் மூட்டை தூக்குகிற ஒருவரை நினைத்துப் பாருங்கள். வியர்வை ஆறாக ஓடுகிறது, கழிப்பறை வசதி இல்லை என்று தண்ணீரைக் குறைத்துக் குடிக்கிறார், இடுப்பு வலிக்கு ஒரு டைக்ளோஃபெனாக் போட்டுக்கொள்கிறார். சிறுநீரகம் தன்னைக் காத்துக்கொள்ள வைத்திருந்த வழியை நாமே அடைத்துவிடுகிறோம். அவருக்கு பிரஷரும் இருந்து, அதற்கு டெல்மிசார்டனோ லோசார்டனோ, கூடவே சிறுநீர் பிரியும் மாத்திரையும் போடுகிறார் என்றால் மூன்றும் சேர்ந்து ஒரே இடத்தில் அடிக்கும். வாந்தி, பேதி வந்த நாளிலும் இதே கதைதான். அந்த நாட்களில் இந்த வகை வலி மாத்திரையைத் தொடக் கூடாது. பாராசிட்டமால் போதுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த மாத்திரைகள் உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கும், பிரஷரையும் ஏற்றும். "மாத்திரை ஒழுங்கா போடறேன், பிரஷர் இறங்கவே மாட்டேங்குது" என்று சொன்ன ஒரு அம்மாவிடம் பையைக் கொட்டிக் காட்டச் சொன்னேன். முட்டி வலிக்கு தினம் இரண்டு வேளை, நாலு மாதமாக. பிரஷருக்கு எழுதிய டாக்டருக்கு அது தெரியாது. முட்டிக்கு எழுதிய டாக்டரோ ஐந்து நாளைக்குத்தான் எழுதியிருந்தார். பழைய சீட்டைக் காட்டிக் காட்டியே மீதி நாலு மாதமும் வாங்கியிருக்கிறார். எங்கள் கடையிலும் ஒரு தடவை வாங்கியிருக்கிறார், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கால் வீங்கினாலோ, முகம் உப்பினாலோ, சிறுநீர் குறைந்தாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். சர்க்கரை, பிரஷர் உள்ளவர்களுக்கு இந்த மாத்திரை நீண்ட நாள் தேவை என்றால் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை எப்போது எடுக்க வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். மாரடைப்பு, இதயச் செயலிழப்பு வந்தவர்கள் டைக்ளோஃபெனாக்கைத் தாங்களாக வாங்கவே கூடாது.

பாராசிட்டமால் ஒன்றும் செய்யாது, எத்தனை வேண்டுமானாலும் போடலாம் என்பது சரியா?

தப்பு. பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4000 மில்லிகிராம்தான் உச்ச வரம்பு. ஒல்லியானவர்கள், குடிப்பவர்கள், ஈரல் கோளாறு உள்ளவர்களுக்கு அதிலும் குறைவு. யாரும் வேண்டுமென்றே தாண்டுவதில்லை, கணக்கு தெரியாமல்தான் தாண்டுகிறார்கள். டோலோ 650 மூன்று வேளை போட்டால் 1950. முதுகு வலிக்கு அல்ட்ராசெட் மூன்று வேளை. அதில் டிரமடாலோடு 325 பாராசிட்டமால் இருக்கிறது, ஆக 975. சளி பிடித்ததென்று 500 பாராசிட்டமால் உள்ள ஜலதோஷ மாத்திரை மூன்று, 1500. கூட்டினால் 4425. மூன்றுக்கும் பெயர் வேறு, அட்டையின் நிறம் வேறு, உள்ளே இருப்பது ஒன்றுதான். ஜீரோடால்-பி, காம்பிஃப்ளாம் எல்லாவற்றிலும் ஒரு 325 ஒளிந்திருக்கிறது.

ஈரல் கெடுவது உடனே தெரியாது. முதல் நாள் லேசான குமட்டலோடு ஆள் நன்றாகவே இருப்பார், மஞ்சள் தட்டுவது பிறகுதான். அளவு தாண்டிவிட்டது என்று தெரிந்தால் உடம்பு நன்றாக இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இதற்கு முறிவு மருந்து உண்டு, முதல் 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால் அது நன்றாக வேலை செய்யும்.

டிரமடால் போட்டதிலிருந்து குமட்டலும் கிறுகிறுப்பும். நிறுத்திவிடட்டுமா?

இது தானாகப் போகிற தொல்லை. பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் உடம்பு பழகிக்கொள்ளும். அதுவரை வயிற்றைக் காலியாகவும் விடாமல், முட்டவும் தின்னாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். மாத்திரை போட்ட ஒரு மணி நேரம் படுத்தோ சாய்ந்தோ இருங்கள். எழுந்திருக்கும்போது முதலில் உட்கார்ந்து, அப்புறம் நில்லுங்கள். மீன் பொரிக்கிற வாசனையே குமட்டுகிறது என்று காசிமேட்டுப் பெண் ஒருவர் சொன்னார். பாவம், அவருக்கு வேலையே அதுதான். அவருக்கு டாக்டர் வாந்தி மாத்திரை சேர்த்துக்கொடுத்தார், ஐந்து நாளில் சரியானது. அந்த வாந்தி மாத்திரையை நீங்களாக வாங்காதீர்கள், சில வகை மலச்சிக்கலைக் கூட்டும்.

வலிப்பு நோய் உள்ளவர்களும், மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பவர்களும் டிரமடால் எழுதும்போதே சொல்லிவிட வேண்டும். டிரமடால் வலிப்பைத் தூண்டக்கூடியது. எசிட்டலோபிராம் போன்ற மாத்திரைகளோடு சேர்ந்தால் நடுக்கம், வியர்வை, படபடப்பு, குழப்பம் என்று வேறு ஒரு ஆபத்தைக் கொண்டுவரலாம். மனசுக்கு மாத்திரை போடுவதைச் சொல்ல வெட்கமாக இருந்தால் அட்டையை மட்டும் நீட்டுங்கள், போதும்.

நாலு நாளாக வெளிக்குப் போகவில்லை. இதற்கும் மாத்திரைக்கும் சம்பந்தம் உண்டா?

டிரமடால், டாபென்டடால், மார்ஃபின் என்றால் நிச்சயமாக உண்டு. இதைத்தான் நான் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது, யாரும் தாங்களாகச் சொல்வதில்லை. கேட்டால் "அது கெடக்குது" என்பார்கள். பெண்களிடம் என் கூட வேலை செய்யும் அக்காதான் கேட்பார்.

இந்தக் குடும்ப மாத்திரைகள் குடலின் அசைவையே மெதுவாக்குகின்றன. மலம் நகராமல் கிடக்கிறது, கிடக்கக் கிடக்க நீர் உறிஞ்சப்பட்டுக் கல்லாகிறது. குமட்டலும் தூக்கமும் போல இது நாள் போகப் போகச் சரியாகாது. மாத்திரை உள்ளவரை இதுவும் இருக்கும். அதனால் வந்த பிறகு பார்ப்பதைவிட முதல் நாளிலேயே மலமிளக்கியும் சேர்த்து ஆரம்பிப்பதுதான் முறை. டாக்டர் எழுத மறந்திருந்தால் நீங்கள் கேளுங்கள்.

கீரை, கொய்யா, வாழைப்பழம், தண்ணீர் எல்லாம் வேண்டும்தான், ஆனால் அவை மட்டும் போதாது. இங்கே ஒரு தப்பு நடக்கிறது. எல்லோரும் உடனே இசப்கோல் வாங்குகிறார்கள். அது மலத்தை ஊதிப் பெரிதாக்குவது. தள்ளும் சக்தியே இல்லாத குடலில், தண்ணீரும் சரியாகக் குடிக்காமல் அதைப் போட்டால் அடைப்பு இன்னும் இறுகும். இந்த மலச்சிக்கலுக்குக் குடலை அசைய வைக்கும் சென்னா, பிசகோடில் வகையும், மலத்தை இளக்கும் லாக்டுலோஸ் சிரப்பும்தான் டாக்டர்கள் எழுதுவது.

காலையில் வெந்நீர் குடித்து, சாப்பிட்ட அரை மணி நேரத்தில் போய் உட்காருங்கள். வந்தாலும் வராவிட்டாலும் அதே நேரத்தில். பொதுக் கழிப்பறையில் வரிசை நிற்கிற தெருக்களில் இதைச் சொல்வது சுலபம், செய்வது கஷ்டம் என்று எனக்கும் தெரியும். வயிறு உப்பி, காற்றுகூடப் பிரியாமல், வாந்தியும் வந்தால் கடைக்கு வராதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நரம்பு மாத்திரை போட்டால் காலையில் எழுந்திருக்கவே முடியவில்லை. ஆட்டோ ஓட்டலாமா?

மாத்திரை ஆரம்பித்த முதல் வாரமும், அளவை ஏற்றிய ஒவ்வொரு தடவையும் வண்டி ஓட்டாதீர்கள். ஷேர் ஆட்டோவில் ஆறு உயிர் உட்கார்ந்திருக்கும். அமிட்ரிப்டிலினைப் படுக்கும்போது போடாமல் இரவு எட்டு மணிக்கே போட்டால் காலை மந்தம் குறையும். இந்த நேர மாற்றத்தை டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யலாம். அதில் வாயும் உலரும். பிராஸ்டேட் தொல்லை உள்ள தாத்தாக்களுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளவும் கூடும், அப்படியானால் அன்றைக்கே காட்ட வேண்டும்.

பிரீகாபலின் கால் வீக்கத்தையும் எடையையும் கூட்டலாம். சிறுநீரகம் வழியாக வெளியேறும் மருந்து என்பதால் கிரியாட்டினின் கூடியவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும். வயதானவர்களுக்கு நான் பயப்படுவது விழுவதைப் பற்றித்தான். லைன் வீடுகளில் கழிப்பறை வெளியே, படி செங்குத்தாக, இரவில் விளக்கு கிடையாது. வலி மாத்திரை போட்டு இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்ட கதைகள் எனக்குத் தெரியும். ஒரு சின்ன பல்பு, கைக்கு எட்டுகிற தூரத்தில் டார்ச், படுக்கும் முன் ஒருமுறை போய்விட்டு வருவது, இவை செலவில்லாத மருந்து.

ராத்திரி ஒரு குவார்ட்டர் போடுவேன். மாத்திரையும் போடலாமா?

கூடாது. டிரமடால், டாபென்டடால், மார்ஃபின், பிரீகாபலின், தூக்க மாத்திரை, சரக்கு, இவற்றில் எந்த இரண்டு சேர்ந்தாலும் மூச்சு தூக்கத்திலேயே மெதுவாகலாம், நிற்கவும் செய்யலாம். டைக்ளோஃபெனாக் என்றால் வயிற்றில் ரத்தம், பாராசிட்டமால் என்றால் ஈரல். குறட்டை வித்தியாசமாக, தண்ணீர் கொப்பளிக்கிற மாதிரிக் கேட்டு, உலுக்கினாலும் எழாவிட்டால் "போதையில தூங்குறான், விடு" என்று விடாமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

இதற்கு அடிமையாகிவிடுவேனா? கடையில் சீட்டைக் காட்டினாலே ஒரு மாதிரிப் பார்க்கிறார்களே?

இரண்டு கேள்வியும் ஒன்றோடு ஒன்று பின்னியவை. வலி மாத்திரையைப் போதைக்கு விற்றதாகக் கைது என்று வடசென்னைச் செய்தி பேப்பரில் அடிக்கடி வருகிறது. எங்கள் தெருவிலேயே பையன்களை இழந்த வீடு இருக்கிறது. டிரமடால் 2018-ல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் வந்தது. சீட்டு இல்லாமல் கொடுக்க முடியாது. யார் எழுதினார்கள், யாருக்கு, எத்தனை என்று பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். அதனால் நாங்கள் கேள்வி கேட்போம். ஆனால் முதுகுத்தண்டு ஆபரேஷன் ஆன ஒருவரைத் திருடனைப் போலப் பார்ப்பது எங்கள் தொழிலின் தவறு, அதற்கு நான் சாக்கு சொல்ல மாட்டேன்.

உடம்பு பழகுவது வேறு, அடிமையாவது வேறு. சில வாரம் போட்டவருக்குத் திடீரென நிறுத்தினால் உடம்பு முரண்டு பிடிக்கும், அது பழக்கம். வலி இல்லாதபோதும் மனம் கேட்பது, சீட்டில் உள்ளதைவிட அதிகம் போடுவது, தீர்ந்துபோனதாகப் பொய் சொல்வது, இரண்டு டாக்டரிடம் இரண்டு சீட்டு வாங்குவது, இவை வேறு அடையாளம். உங்களிடமோ வீட்டில் யாரிடமோ இதைப் பார்த்தால் எழுதிய டாக்டரிடமே சொல்லுங்கள், அல்லது 14416 மனநல உதவி எண்ணில் பேசுங்கள்.

புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் எழுதினால் "அடிமையாயிடுவாரு" என்று பயந்து கொடுக்காமல் வைத்திருக்கிற பிள்ளைகளும் உண்டு. அப்பா வலியில் துடித்துக்கொண்டிருப்பார், மாத்திரை பீரோவில் இருக்கும். சொன்ன நேரத்தில் சொன்ன அளவைக் கொடுங்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

வலி போய்விட்டது. இன்றோடு நிறுத்திவிடலாமா?

பாராசிட்டமால், டைக்ளோஃபெனாக் என்றால் நிறுத்தலாம், நல்லதுதான். வாரக்கணக்கில் போட்ட டிரமடால், பிரீகாபலின் என்றால் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையில் தெருவெல்லாம் தண்ணீர், கடைகளைத் திறக்க முடியவில்லை. தண்ணீர் வடிந்த பிறகு வந்த ஒருவர், மூக்கு ஒழுகல், உடம்பெல்லாம் குடைச்சல், பேதி, தூக்கமே இல்லை என்று சொல்லி ஜுர மாத்திரை கேட்டார். மழையில் நனைந்ததாக அவர் நினைத்திருந்தார். ஐந்து மாதமாகப் போட்ட டிரமடால் தீர்ந்து மூன்று நாள் ஆகியிருந்தது. அதிலிருந்து ஐப்பசி பிறந்தாலே, தொடர்ந்து மாத்திரை போடுகிறவர்களிடம் ஒரு வாரத்துக்குக் கூடுதலாக எழுதி வாங்கச் சொல்கிறேன்.

'செட் மாத்திரை' போட்டால் உடனே கேட்கிறது. அதையே தொடரலாமா?

சின்னக் கவரில் நாலு மாத்திரை, பெயர் கிடையாது, அட்டை கிடையாது. "ஒரு செட்டு குடுண்ணா" என்று கேட்டே பழகிவிட்டார்கள். கேட்காத வலியும் ஒரே நாளில் பறந்துவிடும் என்றால் அதில் ஸ்டீராய்டு இருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள். டெக்சாமெத்தசோன், பிரெட்னிசலோன் போன்றவை முறையாகக் கொடுத்தால் உயிர் காக்கும் மருந்துகள். பெயர் தெரியாமல் மாதக்கணக்கில் போட்டால் முகம் உருண்டையாக வீங்கும், சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். பயந்து திடீரென நிறுத்தினாலும் ஆபத்து, பிரஷர் இறங்கி மயங்கி விழலாம். பல வாரமாகப் போட்டவர்கள் மீதி இருக்கும் கவரோடு டாக்டரிடம் போய் உண்மையைச் சொல்லுங்கள். பேர் போடாத மூட்டுவலி லேகியம், பொடிக்கும் இதுவே பொருந்தும். பெயர் தெரியாத மருந்தின் பக்க விளைவுக்கு யாராலும் வைத்தியம் சொல்ல முடியாது.

மழைக் காலத்தில் ஜுரத்தோடு உடம்பு வலி. வீட்டில் இருக்கிற வலி மாத்திரை போடலாமா?

டெங்கு இல்லை என்று தெரியும்வரை பாராசிட்டமால் மட்டும். டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென், ஆஸ்பிரின் ரத்தக்கசிவைக் கூட்டும்.

எனக்கு வீசிங் உண்டு.

சிலருக்கு ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக் வகை போட்ட சில மணி நேரத்துக்குள் மூச்சு இழுக்கும். தொழிற்சாலைகள் நிறைந்த எண்ணூர், மணலிப் பக்கத்திலிருந்து வருகிறவர்களிடம் நான் இதைக் கேட்காமல் கொடுப்பதில்லை. ஒருமுறை அப்படி ஆகியிருந்தால் அந்த மாத்திரையின் பெயரை எழுதிப் பர்சில் வையுங்கள். உதடு, கண் வீங்கினாலும் தடிப்பு வந்தாலும் அப்படியே.

கர்ப்பமாக இருக்கிறேன், இடுப்பு வலி தாங்கவில்லை.

ஐந்தாம் மாதத்துக்கு மேல் டைக்ளோஃபெனாக் வகை குழந்தையின் சிறுநீரகத்தையும், கடைசி மாதங்களில் அதன் இதயத்தையும் பாதிக்கலாம். கடையில் கேட்டு எதையும் வாங்காதீர்கள், நீங்கள் பதிவு செய்திருக்கிற ஆஸ்பத்திரியில் கேளுங்கள்.

மாத்திரையைக் குறைக்க வேறு என்ன செய்யலாம்?

முட்டி, கை மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக் ஜெல் நல்ல வழி. ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. தேய்த்து அமுக்க வேண்டாம், தடவினால் போதும். தைலம் தடவிய இடத்தில் வெந்நீர்ப் பையை வைத்துத் தோலைப் பொசுக்கிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு, இரண்டில் ஒன்றைச் செய்யுங்கள். பிசியோதெரபியில் சொல்லிக்கொடுத்த பயிற்சியை வீட்டில் தினமும் செய்கிறவர்கள் என் கடைக்கு வருவது குறைந்துவிடுகிறது. வியாபாரம் போனால் போகட்டும்.

ஓபியில் இரண்டு நிமிடம்தான் கிடைக்கிறது. எப்படிச் சொல்வது?

போகும் முன்பே ஒரு தாளில் எழுதிவிடுங்கள். எந்த மாத்திரை, எந்தத் தேதியில் ஆரம்பித்தேன், என்ன தொல்லை, மாத்திரை போட்டு எவ்வளவு நேரத்தில் வருகிறது, கூட என்னென்ன போடுகிறேன். கடைசியில் சொன்னதில் நாட்டு மருந்து, தூக்க மாத்திரை, பக்கத்து வீட்டில் வாங்கியது எல்லாம் அடங்கும். எல்லா அட்டையையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துப்போங்கள். "ஒத்துக்கல" என்று மட்டும் சொல்லாதீர்கள். "போட்ட அரை மணி நேரத்தில் வாந்தி, மூன்று நாளாக" என்று சொன்னால் அந்த இரண்டு நிமிடமே போதும்.

மருந்தின் பக்க விளைவை நீங்களே அரசுக்கும் தெரிவிக்கலாம். 1800-180-3024 கட்டணமில்லா எண். இப்படி ஒரு எண் இருப்பது என் கடைக்கு வருகிறவர்களில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

மீந்துபோன மாத்திரையை என்ன செய்வது?

பக்கத்து வீட்டுக்குக் கொடுக்காதீர்கள். பிள்ளைகள் கைக்கு எட்டும்படி டிவி மேல் வைக்காதீர்கள். டிரமடால், டாபென்டடால், மார்ஃபின் மீந்தால் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிடலாம். குப்பையில் போட்டால் வேண்டாத கைக்குப் போகும். மற்றதைக் காலாவதித் தேதி பார்த்து அட்டையோடு வைத்திருங்கள்.

அட்டையோடு என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. போன மாதம் தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு பாட்டி வந்தார். ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய மாத்திரை, எல்லாவற்றையும் அட்டையிலிருந்து பிரித்து, இடம் அடைக்கக் கூடாதென்று ஒன்றாகக் கொட்டி வைத்திருந்தார். வெள்ளை, மஞ்சள், பாதி உடைந்தது, பொடியானது. மேசையில் கொட்டிவிட்டு, "இதுல எதுப்பா முட்டிக்கு?" என்றார். நானும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பத்து நிமிடம் பார்த்தேன்.

"எனக்கும் தெரியலம்மா. சீட்டு இருக்கா?"

"மருமவ கிட்ட கீது," என்று பாட்டிலை மூடிக்கொண்டு கிளம்பினார். மறுநாள் மருமகளோடு, சீட்டோடு வந்தார்.